இனி தாரிணியாக இவர்

செப்டம்பர் 3, ஞாயிறு

கம்பெனி கொடுத்த டைரி இது. வேலைக் குறிப்பு எழுதத்தான் கொடுத்தார்கள். இன்று வேலை எதுவும் இல்லாததால் சொந்தக் கதை எழுதுகிறேன். மேனேஜர் பார்த்தால் பார்க்கட்டும்.

டெல்லி வழியாகத் தாஷ்கண்ட். அங்கிருந்து காரில் மலையேறி இறங்கி நமங்கான் என்கிற ஊர். ஊருக்கு வெளியே புதிதாக ஒரு நூல் மில் கட்டியிருக்கிறார்கள். கோயமுத்தூரிலிருந்து நூல் நூற்கிற ரிங் பிரேம் மிஷின்கள் பதினான்கு பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருக்கின்றன. அவற்றைப் பூட்டி, மட்டம் பார்த்து, நூல் ஓட்டிக் காட்டிவிட்டு வருவது என் வேலை. நாற்பது நாள். கூட எலக்ட்ரீஷியன் அருள்தாஸ் வந்திருக்கிறான். திண்டுக்கல்காரன், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், வாய் மட்டும் என்னைவிடப் பெரியது.

தங்கியிருப்பது ஒரு வீட்டில். ஜமீலா என்கிற அம்மாள் நடத்துகிறாள். ரொட்டி முறம் அகலம் இருக்கிறது. டீயில் பால் கிடையாது.

கிளம்பும்போது டிவி விஷயமாகச் சாந்தாமணியோடு ஒரு வாய்ச்சண்டை. எழுதுமளவுக்கு ஒன்றுமில்லை.

செப்டம்பர் 4, திங்கள்

பெட்டிகளைப் பிரித்தோம். இரண்டில் ஆணிப் பை மாறியிருக்கிறது. கம்பெனிக்கு மெயில்.

ஜமீலா வீட்டுக் கூடத்தில் பெரிய டிவி. நாற்பது சேனல் இருந்தும் ஒன்றில்கூட நம் பேச்சு இல்லை. இங்கே நேரம் நமக்கு அரை மணி பின்னால். அங்கே எட்டரைக்கு ‘கோமளம் இல்லம்’ ஆரம்பிக்கும்போது இங்கே மணி எட்டு. எட்டானதும் கை தானாக ரிமோட்டைத் தேடியது. நான் சீரியல் பார்க்கிற ஆள் கிடையாது. அந்த நேரத்துக்கு வீட்டில் சாப்பிட உட்காருவேன், டிவி எதிரே இருக்கும், அவ்வளவுதான். நாலு வருஷமாக அவ்வளவுதான்.

போனில் அந்தச் சேனலின் ஆப்பைத் திறந்தால் ‘இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது’ என்று வருகிறது. இங்கே எட்டரைக்குச் சாந்தாமணி வீடியோவில் வந்தாள்.

“ஏனுங்க, சோறு கெடைக்குதுங்களா?”

“சோறு கெடக்குது. அந்தக் கெழவி எந்திரிச்சுட்டாளா?”

“அதானே பாத்தேன். சீரியல் பாக்காதவரு கேக்கற கேள்வியப் பாரு.”

கிழவி என்றது கோமளம் என்கிற மாமியாரை. கை கால் விளங்காத மாதிரி நடித்துக்கொண்டு நாலு மாதமாகச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மருமகள் தாரிணி அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இன்னும் கண்டுபிடிக்கவில்லையாம். தினமும் சீரியல் முடிந்ததும் கதை சொல்லிவிடுவதாகச் சாந்தாமணி ஒத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 6, புதன்

முதல் பிரேமுக்குக் கால் நிறுத்தியாயிற்று. தளம் ஒரு பக்கம் மூன்று மில்லிமீட்டர் இறக்கம். இங்குள்ள என்ஜினீயர் ‘பரவாயில்லை’ என்று கையை ஆட்டுகிறான். ரசமட்டத்தை அவன் மூக்குக்கு நேராக வைத்துக் காட்டினேன். குமிழ் நடுவில் நிற்காமல் என் பிரேம் நிற்காது.

சாந்தாமணி கதை சொன்னால் கதை கால்வாசி, ஜாக்கெட் முக்கால்வாசி. வீட்டில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். எங்கள் ஏரியா கணபதியில் பாதிப் பெண்கள் அவளிடம்தான். தாரிணி திங்கட்கிழமை போட்டது புதன்கிழமை துணியாக வந்துவிடும். அதற்காகவே டிவிக்கு ஒரு முழ தூரத்திலேயே நாற்காலியைப் போட்டு, மடியில் நோட்டை வைத்து, கழுத்து, கை எல்லாம் படம் போட்டுக்கொள்வாள்.

இன்று சொன்னது: தாரிணிக்கு மாம்பழக் கலர் புடவை, கரும்பச்சை ஜாக்கெட், பின் கழுத்து பானை வடிவம், ஓரமெல்லாம் தங்கப் பைப்பிங், பின்னால் கட்டுகிற நாடாவில் ஒற்றைக் குஞ்சம். “இந்தக் குஞ்சத்துக்கு நாளைக்கே மூணு பேரு வருவாங்க பாருங்க” என்றாள். பிறகு, “நீங்க சொன்ன மாதிரி சேரைத் தள்ளிப் போட்டுட்டனுங்க. இப்ப சோபாவுக்குப் பக்கத்துல” என்றாள்.

இருபத்தாறு வருஷத்தில் நான் சொல்லி அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. வாயைத் திறந்து பாராட்டினேன்.

செப்டம்பர் 8, வெள்ளி

ஜமீலாவும் சீரியல்காரி. ஏதோ இந்தித் தொடரை உஸ்பெக் பேச்சில் போடுகிறார்கள். படத்தில் இருக்கிற ஆண்களுக்கெல்லாம் ஒரே குரல், பெண்களுக்கெல்லாம் ஒரே குரல். கண்ணை மூடினால் மாமியார் யார் மருமகள் யார் என்று தெரியாது. ஜமீலா எனக்குக் கையாலேயே கதை சொல்கிறாள். கழுத்தை அறுக்கிற மாதிரி காட்டினால் வில்லி. வயிற்றைத் தடவினால் கர்ப்பம். உங்கள் ஊரில் சமையல்கட்டில்கூட இவ்வளவு நகை போடுவார்களா என்று போனில் மொழிபெயர்க்கிற ஆப்பை வைத்துக் கேட்டாள். போடுவார்கள், அதற்குப் பயந்துதான் நான் இங்கே வந்துவிட்டேன் என்றேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

செப்டம்பர் 11, திங்கள்

இரண்டு பிரேம் முடிந்தது. இடுப்பு வலி.

சாந்தாமணி இன்று சுருக்கமாகப் பேசினாள். தாரிணி சக்கர நாற்காலியைச் சுற்றித் தரையில் மாவு தூவி வைத்துவிட்டாளாம், கால்தடம் பார்க்க. ஜாக்கெட் என்ன கலர் என்றேன். “இங்கிருந்து சரியாத் தெரியலீங்க. சேர் இப்ப சுவத்தோட சுவரா இருக்குது” என்று சிரித்தாள்.

“அவ்வளவு தூரம் எதுக்கு?”

“சும்மாதானுங்க.”

முகம் வாடியிருந்த மாதிரி பட்டது. ஆயுத பூஜைக்கு முன்னால் தையல் கூடுதலாக வந்திருக்கும்.

செப்டம்பர் 13, புதன்

போன் வரவில்லை. நான் அடித்தேன், எடுக்கவில்லை. ஒன்பது மணிக்குக் கோகிலா, என் மகள், ஒரு மெசேஜ் போட்டாள். ‘அம்மா தூங்கிட்டாங்கப்பா. கரண்ட் இல்ல.’

கரண்ட் இல்லாத வீட்டில் அவள் போன் மட்டும் உயிரோடு இருக்கிறது. சரி, சார்ஜ் இருந்திருக்கும்.

செப்டம்பர் 14, வியாழன்

இன்றும் இல்லை. கோகிலாவிடம் கேட்டதற்கு, அம்மா போன் கீழே விழுந்து கேமரா போய்விட்டதாம். கேமரா போனால் வாய் எப்படிப் போகும்?

நூல் அறுந்துகொண்டே இருந்தது. வேலையில் கவனமில்லை என்று எழுதினால் மேனேஜர் பார்ப்பார். அதனால் பஞ்சு சரியில்லை என்று எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

பேசிவிட்டாள். படம் இல்லாமல் குரல் மட்டும். அந்தக் குரல் குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. சளி என்கிறாள். வெந்நீரில் ஆவி பிடி என்றேன். “ஆமாங்க, குனிஞ்சேதான் கெடக்கறேன்” என்றாள்.

கதை மட்டும் அட்சரம் பிசகாமல் சொன்னாள். யார் என்ன பேசினார்கள், அதற்கு மற்றவர் என்ன பதில் சொன்னார், நடுவில் கதவு தட்டியது, குக்கர் மூன்று விசில் அடித்தது வரைக்கும். இவ்வளவு நுணுக்கமாக அவள் கதை சொன்னதே இல்லை. மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது. போனை வைத்த பிறகுதான் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. என்ன என்று தெரியவில்லை.

செப்டம்பர் 16, சனி

தெரிந்துவிட்டது. ஜாக்கெட்.

இரண்டு நாளாக அவள் ஒரு புடவையைப் பற்றியும் சொல்லவில்லை. குக்கர் விசிலை எண்ணியவள் ஒரு குஞ்சத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

இன்று நானே கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பச்சைங்க” என்றாள். என்ன பச்சை? “பச்சைதானுங்க.” கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மாந்துளிர்ப் பச்சை என்று பத்துப் பச்சை பிரித்துச் சொல்லுகிறவள் அவள். எனக்கு ஒரே பச்சைதான் தெரியும் என்று இத்தனை வருஷமாக என்னைக் கேலி செய்தவள்.

செப்டம்பர் 18, திங்கள்

ஆறாவது பிரேம்.

சாப்பாடு இறங்கவில்லை. ஜமீலா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏதோ கஷாயம் கொடுத்தாள். என்னென்னவோ யோசனை ஓடுகிறது. கோபமா? ஊரில் ஏதாவது தகராறா? கிளம்புகிற அன்று நான் பேசியதை மனதில் வைத்திருக்கிறாளா? கண்ணில் ஏதோ பூச்சி பறக்கிறது என்று சொன்னாள். நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதற்கா இவ்வளவு?

செப்டம்பர் 19, செவ்வாய்

மதியம் சாப்பிடும்போது அருள்தாஸ் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். என்னடா என்றேன்.

“என் வீட்டுக்காரி அனுப்பியிருக்காண்ணே. அவ பாக்குற சீரியல்ல ஹீரோயினை மாத்திட்டாங்களாம். துக்கம் விசாரிக்க ஆள் வராதது ஒண்ணுதான் பாக்கி, அம்புட்டு அழுகை.”

“எந்தச் சீரியல்?”

“ஏதோ கோமளமாம்ல.”

போனைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தேன். அரை நிமிஷத் துண்டு. முதலில் எந்தச் சத்தமும் இல்லாமல் ஓர் அட்டை: பழைய தாரிணி படம் மங்கி, புது முகம் ஒன்று தெளிகிறது. ‘இனி தாரிணியாக இவர்.’ பெயர். வணக்கம். அப்புறம் சீன். பழையவள் குட்டையாக, உருண்டை முகமாக, மூக்குத்தி போட்டிருப்பாள். இவள் நெடுநெடுவென்று, கன்னம் ஒட்டி, மூக்கு மொட்டையாக இருக்கிறாள். வாயைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே பழைய குரல். நடிப்பது ஒருத்தி, குரல் கொடுப்பது வேறொருத்தி என்பதால் ஆளை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

“இது என்னைக்கி வந்துது, அருளு?”

“போன வியாழக்கெழமைண்ணே. ஏன், நீங்களும் அழுகப் போறீங்களா?”

வியாழன். இன்று செவ்வாய். வெள்ளி, சனி, திங்கள் என்று மூன்று நாள் சாந்தாமணி எனக்குக் கதை சொல்லியிருக்கிறாள். ஆள் மாறியதை மட்டும் சொல்லவில்லை. நாலு வருஷம் அவள் ஜாக்கெட் அளவெடுத்த உடம்பு அது.

செப்டம்பர் 19, அன்றே, எட்டரைக்குப் பிறகு

கேட்டுவிட்டேன். நேராகக் கேட்கவில்லை. இருபத்தாறு வருஷக் குடும்பத்தில் முதல் தடவையாக மனைவியிடம் போலீஸ்காரன் மாதிரி பேசினேன்.

“தாரிணி எப்படி இருக்கா இப்ப?”

“அவளுக்கென்னங்க. மாவுல தடம் பாத்துட்டா. இனிக் கெழவி மாட்டிக்குவா.”

“பாக்க எப்படி இருக்கா? எளச்சுட்டாளா?”

“இல்லியே, அதே உருண்ட மூஞ்சிதான். மூக்குத்தி மட்டும் இன்னைக்கிப் புதுசாட்ட இருந்துது. வெள்ளைக்கல்லு.”

அவள் பொய் சொல்கிறவள் அல்ல. நான் நம்ப வேண்டும் என்று மொட்டை மூக்கில் ஒரு மூக்குத்தியைக் குத்திவிட்டாள்.

அவள் டிவியைப் பார்க்கவில்லை. கேட்கிறாள்.

செப்டம்பர் 20, புதன்

இரண்டு கையையும் தலையில் வைத்து யோசித்தும் வேறு காரணம் வரவில்லை. தைத்துக்கொண்டே கேட்டிருப்பாள், திரும்பிப் பார்க்க நேரமில்லை என்று முதலில் என்னையே தேற்றிக்கொண்டேன். மதியம் மெசேஜ் போட்டேன்: ‘நீ இப்ப தைக்கிற ஜாக்கெட்ட போட்டோ எடுத்து அனுப்பு. ஜமீலாவுக்குக் காட்டணும்.’ ஜமீலா கேட்கவே இல்லை.

சாயங்காலம் போட்டோ வந்தது. கரும்பச்சை ஜாக்கெட், பானைக் கழுத்து, ஒற்றைக் குஞ்சம். ஆறாம் தேதி சொன்னாளே, அது. பின்னால் சுவரில் காலண்டர் தெரிந்தது. தினமும் காலையில் பல் விளக்கியதும் தாள் கிழிப்பது அவள் வழக்கம். பெரிதாக்கிப் பார்த்தேன்.

காலண்டரில் 12 என்று இருந்தது. பழைய போட்டோவாக இருக்கலாம். இல்லை, பன்னிரண்டுக்குப் பிறகு யாருமே தாள் கிழிக்காமலும் இருந்திருக்கலாம். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 21, வியாழன்

காலையில் ஆபீஸ் போகிற நேரம் பார்த்துக் கோகிலாவைப் பிடித்தேன். மில்லின் பின்பக்கம், பஞ்சுப் பேல்களுக்கு நடுவில் நின்று பேசினேன்.

“கண்ணு, அம்மாவுக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லீங்கப்பா, சளி...”

“தாரிணி மாறி ஒரு வாரம் ஆச்சு. உங்கம்மாவுக்கு அது தெரியல.”

அந்தப் பக்கம் அவள் அழத் தொடங்கினாள். நான் பேல் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

“ஆப்பரேசன் ஆயிருச்சுங்கப்பா. பதிமூணாந் தேதி. எடது கண்ணு. உள்ள இருக்கற விழித்திரை கிழிஞ்சு கழண்டு வந்துருச்சாமா. இப்ப ரெண்டு வாரம் மொகத்தைக் கீழ வெச்சுக் குப்புறப் படுத்தே கெடக்கோணும். சாப்படறக்கு மட்டுந்தான் எந்திரிக்கறாங்க. சீரியல் சத்தம் கேட்டுத்தான் உங்களுக்குக் கதை சொல்லுவாங்க. அந்த நேரம் நான் சமையக்கட்டுல இருப்பேன், ஆளு மாறுனது எனக்கே தெரியாதுங்கப்பா.”

“பார்வை வருமா?”

“இப்பச் சொல்ல முடியாதுன்னுட்டாங்க.”

“மொதல்லயே ஏன் சாமி ஆஸ்பத்திரி போகல?”

அவள் சொல்லத் தயங்கினாள். நான் அதட்டினேன்.

“டிவிய ஒட்டி உக்காந்துதான் கண்ணுல பூச்சி பறக்குதுன்னு நீங்க சொன்னீங்களாமா. தள்ளி உக்காந்தாச் சரியாப் போயிரும்னு பத்து நாளாச் சேரைத் தள்ளித் தள்ளிப் போட்டிருக்காங்க. பாதிக் கண்ணு கருப்பாத் துணி போட்ட மாதிரி மறைச்ச பொறகுதான் எங்கிட்டச் சொன்னாங்க. மின்னல் தெரிஞ்ச அன்னைக்கே வந்திருந்தா லேசர்லயே போயிருக்கும்னாரு டாக்டர்.”

“எனக்கு ஏன் சொல்லல?”

“‘நாஞ் சொன்னேன் கேட்டியான்னு உங்கப்பா கேப்பாரு. அதைக் கேக்க எனக்கு இப்பத் தெம்பில்ல’ன்னுட்டாங்க.”

போனை வைத்த பிறகு அருள்தாஸ் வந்து தேடும் வரை அங்கேயே இருந்தேன்.

அன்றே

எழுதுமளவுக்கு ஒன்றுமில்லை என்று மூன்றாம் தேதி எழுதியிருக்கிறேன். இப்போது எழுதுகிறேன்.

இரண்டாம் தேதி காலை. நான் பெட்டிக்கு வார் கட்டிக்கொண்டிருந்தேன். சாந்தாமணி பக்கத்தில் வந்து, “ஏனுங்க, எடது கண்ணு ஓரத்துல மின்னல் அடிக்கற மாதிரி வெட்டுதுங்க. கருப்புக் கருப்பாப் பூச்சியுமே பறக்குது” என்றாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “டிவிக்குள்ளயே போய் உக்காந்தா பூச்சியும் பறக்கும் பாம்பும் பறக்கும். தள்ளி உக்காருன்னா கேக்கறயா? நாலு வருசமாச் சொல்றேன்” என்றேன். “இல்லீங்க, இது வேற மாதிரி” என்றாள். “கெளம்பற நேரத்துல ஆரம்பிக்காதே” என்றேன். அவ்வளவுதான் சண்டை. அவள் பேசவே இல்லை, நான்தான் பேசினேன். ஒரு ஸ்பிண்டில் சத்தம் மாறினால் இருபதடி தூரத்திலிருந்து ஓடிப் போய்ப் பார்க்கிறவன் நான்.

அவள் சேரைத் தள்ளிப் போட்டேன் என்று சொன்ன அன்று பாராட்டியிருக்கிறேன். அதுவும் இதில் எழுதியிருக்கிறது. கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம்.

செப்டம்பர் 22, வெள்ளி

மேனேஜரிடம் போனில் பேசினேன். மாற்று ஆள் அனுப்ப விசா ஆக வேண்டும், எப்படியும் பத்து நாள் என்றார். பத்து நாளில் ஆள் வராவிட்டாலும் நான் கிளம்பிவிடுவேன் என்றேன். என் முப்பது வருஷ வேலையில் மேனேஜரிடம் இப்படிப் பேசியதில்லை. அவரும் அரண்டுதான் போனார்.

சாயங்காலம் சாந்தாமணி வழக்கம்போல, “ஏனுங்க, சாப்டீங்களா” என்றாள். கோகிலா சொல்லியிருப்பாள் போல, குரல் நடுங்கியது.

“சாந்தா.”

“திட்டறதுன்னா இப்பவே திட்டிருங்க.”

“தப்பு எம்மேல. நீ சொன்னப்ப நான் திரும்பிப் பாத்திருக்கோணும்.”

மூக்குறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழக்கூடாதாம், கண்ணுக்கு ஆகாதாம். கோகிலா அதட்டுவது காதில் விழுந்தது. எனக்கு அழத் தடையில்லை. அழுதேன். ஜமீலா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பிறகு சாந்தாமணி, “நோவில்லாத கெழவி நாலு மாசமா நோவுன்னு உக்காந்திருக்கா. இன்னைக்கு எந்திரிச்சு நடந்துட்டாளுங்க” என்றாள்.

செப்டம்பர் 24, ஞாயிறு

டாக்டர் செய்ததைக் கோகிலா விளக்கினாள். கழன்ற திரையை ஒட்ட வைத்துவிட்டு, அது மறுபடி பெயராமல் இருக்கக் கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழ் விட்டிருக்கிறார்கள். குமிழ் மேல்நோக்கித்தான் போகும். திரை கண்ணின் பின்பக்கம் இருக்கிறது. முகம் தரையைப் பார்த்தால்தான் பின்பக்கம் மேலாகி, குமிழ் திரையைத் தாங்கிப் பிடிக்கும்.

இதை எனக்கு யாரும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. ரசமட்டம்தான். “கண்ணு, அம்மா தலை ஒரு பக்கமாச் சாயாமப் பாத்துக்கோ. தலகாணிக்கு ரெண்டு பக்கமும் ஒரே ஒசரம் குடு” என்றேன். “அதெல்லாம் சரியாத்தான் இருக்குதுங்கப்பா” என்றாள். வீடியோ போட்டுக் காட்டு என்றேன்.

குப்புறப் படுத்திருந்தாள். முகம் தலையணை வளையத்துக்குள் இருந்தது. பின்னல் மட்டும் தெரிந்தது, அதில் பூ இல்லை. அவளுக்குப் பின்னால் டிவி. எதிர்ச் சுவரோடு ஒட்டி அந்த நாற்காலி கிடந்தது. கோகிலாவிடம் அதை வேறு அறையில் போடு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கிடக்கட்டும்.

செப்டம்பர் 25, திங்கள்

இன்று ஒரு காரியம் செய்தோம். அங்கே எட்டரைக்குக் கோகிலா தன் போனை டிவிக்கு எதிரே ஸ்டூலில் சாத்தி வைத்துவிட்டாள். வீடியோ கால். இங்கே ஜமீலா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நான் ‘கோமளம் இல்லம்’ பார்த்தேன். படம் இழுத்து இழுத்துத்தான் வந்தது. அங்கே இரண்டு முழ தூரத்தில் டிவி ஓடியும் பார்க்க முடியாமல் படுத்திருந்தவளுக்கு, நான் இங்கிருந்து பார்த்துச் சொன்னேன்.

“இப்ப யாருங்க வந்துருக்கறது?”

“புதுத் தாரிணி. ஒல்லிப்பிச்சான்.”

“பொடவை?”

“பச்சை.”

“என்ன பச்சை?”

திரையில் புடவையைத் தொட்டுக் காட்டி ஜமீலாவைப் பார்த்து விழித்தேன். ஜமீலா எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போய் ஒரு கொத்தமல்லிக் கட்டை எடுத்து வந்து காட்டினாள். “கொத்தமல்லிப் பச்சை” என்றேன். தலையணைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம்.

“கை எங்கீங்க முடியுது?”

“முட்டிக்கு மேல ரெண்டு இஞ்சு. விளிம்புல கால் இஞ்சு பட்டை.”

“பின் கழுத்து?”

“வட்டம். கீழ ஆழம் ஒரு ஏழரை இருக்கும். எடது பக்கம் கால் இஞ்சு எறக்கம்.”

“எறக்கமெல்லாம் இருக்காதுங்க.”

“எனக்கு மட்டம் தெரியாதா? தைச்சவன் தப்பாத் தைச்சிருக்கான்.”

“இத்தன வருசம் பக்கத்துல உக்காந்து இதையெல்லாம் ஒருநாளாச்சும் சொன்னீங்களா?”

கோகிலா நோட்டில் எழுதிக்கொண்டாள்.

செப்டம்பர் 28, வியாழன்

பதினோராவது பிரேம் ஓடுகிறது. அருள்தாஸ் என் வேலையில் பாதியைச் சொல்லாமலே செய்கிறான். அவன் மனைவி தினமும் மதியம் முந்தின நாள் புடவைக் கலரை அனுப்பிவிடுகிறாள், மறுஒளிபரப்பு பார்த்து. “சரிபாத்துக்கங்கண்ணே, அண்ணிக்குத் தப்பாச் சொல்லிறக் கூடாது” என்கிறான்.

டாக்டர் இன்று பார்த்திருக்கிறார். திரை ஒட்டியிருக்கிறதாம். பார்வை எவ்வளவு என்று அவர் வாயைத் திறக்கவில்லை.

அக்டோபர் 2, திங்கள்

மாற்று ஆள் வந்தார். ரசமட்டத்தை அவர் கையில் கொடுத்தேன். ஜமீலா ஒரு பட்டுத் துணி கொடுத்தாள், கோடு கோடாகப் பல வண்ணம். தையல் மிஷின் ஓட்டுகிற மாதிரி கையைச் சுற்றிக் காட்டி, கண்ணைத் தொட்டு, வானத்தைப் பார்த்துக் கையேந்தினாள்.

அக்டோபர் 4, புதன்

வீடு. படுக்கை முடிந்து எழுந்து உட்காரச் சொல்லிவிட்டார்கள். அவளே கதவைத் திறந்தாள். இடது கண்ணில் பிளாஸ்டிக் மூடி. “எளச்சுட்டீங்க” என்றாள். ஒரு கண்ணை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

அக்டோபர் 6, வெள்ளி

ஆஸ்பத்திரி. குமிழ் பாதியாகக் குறைந்திருக்கிறது. அது கண்ணுக்குள் மேலே நின்றாலும் பார்வைக்குத் தலைகீழாகக் கீழே தெரியுமாம். மூடி இனி வேண்டாம் என்று டாக்டர் கழற்றியதும், கீழ்ப்பாதியில் கறுப்பு வட்டம் தண்ணீர் மாதிரி ஆடுகிறது, அதற்கு மேலே மங்கலாகத் தெரிகிறது என்றாள். டாக்டர் விரல்களைக் காட்டினார். ஐந்து தடவையில் மூன்று சரி. இன்னும் இரண்டு மாதம் போனால்தான் தெரியும், முன்பு மாதிரி முழுக்க வராமலும் போகலாம் என்றார். எவ்வளவு நாள் முன்னால் வந்திருந்தால் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

“டிவி பார்க்கலாங்களா?” என்று கேட்டேன். தாராளமாகப் பார்க்கலாம் என்றார். “பக்கத்துல உக்காந்து?” அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சிரித்தார். சாந்தாமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டரைக்கு அவள் பழக்கத்தில் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். நான் அவளை எழுப்பிவிட்டு, நாற்காலியைத் தூக்கி வந்து டிவிக்கு ஒரு முழத்தில் போட்டேன்.

“இங்கயா?”

“இங்கதான்.”

“அப்பறம் எதும் சொல்லக் கூடாது.”

“சொல்லமாட்டேன்.”

உட்கார்ந்தாள். நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தாள். திரையில் தாரிணி படியிறங்கி வந்தாள்.

“மூஞ்சி தெரியலீங்க. பொடவை... சேப்பு. இல்லீங்க, மருதாணிக் கலர். கரை பச்சை. சரிங்களா?”

புடவை மருதாணிக் கலர்தான். கரையும் பச்சைதான் என்று நான் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

“பொடவை சரி. கரை ஊதா” என்றேன்.

“அப்படீங்களா” என்று நாற்காலியை இன்னும் ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நோட்டும் பென்சிலும் என் மடியில் இருந்தன. தாரிணி திரும்பி நின்று பின் கழுத்தைக் காட்டுவதற்காக இரண்டு பேரும் காத்திருந்தோம்.